தாய் பழகினால் குட்டி பழகும்: குதிரை வளர்ப்பு கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெண் குதிரைகளைப் பற்றியவை. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்துவிட்டால் எப்போதும் இப்படித்தான். மார்வாரி, கத்தியவாரி என்ற வடநாட்டு இனக் குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து லாயத்தில் கட்டிய பிறகுதான் கேள்விகள் கிளம்பும். எல்லோருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றை எடுத்துக்கொண்டேன்.

அண்ணா, நாலு வயது மார்வாரிப் பெண் குதிரை ஒன்று வாங்கியிருக்கிறேன். குட்டி எடுக்க ஆசை. பக்கத்து ஊரில் ஒருவரிடம் நல்ல கறுப்பு ஆண் குதிரை இருக்கிறது. ஒரு வாரம் இரண்டையும் ஒரே காட்டில் அவிழ்த்துவிட்டால் போதும் என்கிறார். விடலாமா?
– உடுமலை வாசகர்

விடாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை. சந்தைக்குப் பல மாநிலத்துக் குதிரைகள் வருகின்றன, ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கின்றன. கிளாண்டர்ஸ் என்ற நோய் அப்படித்தான் பரவுகிறது. பாக்டீரியாவால் வருவது, தடுப்பூசி கிடையாது, மனிதருக்கும் தொற்றும், உறுதியாகிவிட்டால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. உங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவரிடம் சொன்னால் ரத்த மாதிரி எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்வார். ஹரியானா மாநிலம் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான பரிசோதனை நடக்கிறது. சர்ராவுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடிக்கும் ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி அது, சினையைக் கலைத்துவிடும். ஆண் குதிரைக்காரரிடமும் அதே பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். கேட்டதற்கே அவர் கோபித்துக்கொண்டால் அந்தக் குதிரை வேண்டாம், வேறு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பருவம். பெண் குதிரைக்கு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும், 5 முதல் 7 நாள் நிற்கும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பருவமே வராது. நம் ஊரில் பகல் நீளம் அவ்வளவாக மாறுவதில்லை, அதனால் உடம்பு தேறியிருக்கும் பல குதிரைகள் ஆண்டு முழுக்கப் பருவத்துக்கு வருகின்றன. எப்படித் தெரிந்துகொள்வது? நெஞ்சுயரத்துக்கு உறுதியான தடுப்பு ஒன்று போட்டு, அதற்கு அந்தப் பக்கம் ஆண் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பருவத்தில் இருப்பது வாலைத் தூக்கி ஒரு பக்கம் ஒதுக்கும், பின்னங்கால்களை அகட்டிக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும், பெண்ணுறுப்பின் இதழ்கள் திறந்து திறந்து மூடும். பருவத்தில் இல்லாதது காதைப் பின்னால் மடக்கிக் கீச்சிட்டு உதைக்கும். அந்த உதைக்கு ஆண் குதிரையின் காலெலும்பை முறிக்கும் வலு உண்டு. ஒரே காட்டில் அவிழ்த்துவிட வேண்டாம் என்று சொல்வது இதற்காகவும்தான். கருமுட்டை வெளிவருவது பருவம் முடியப்போகும் கடைசி ஒன்றிரண்டு நாளில். ஆகவே வாலைத் தூக்கிய முதல் நாளே அவசரப்பட வேண்டாம். பருவத்தின் இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒருநாள், அவளாக மறுக்கும்வரை சேர்ப்பது வழக்கம்.

சேர்த்த 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் பாருங்கள். சினை பிடித்ததா என்று தெரிவதைவிட இரட்டைக் கருவா என்று தெரிவது முக்கியம். மாட்டுக்கு இரட்டைக் கன்று சமாளிக்கக்கூடியது, குதிரைக்கு அப்படி இல்லை. கர்ப்பப்பை முழுவதும் ஒரே குட்டிக்கான இடம்தான். இரட்டை என்றால் பெரும்பாலும் நடுவிலேயே இரண்டும் கலையும், தாயின் உயிருக்கும் ஆபத்து. 16 நாளுக்குள் தெரிந்தால் மருத்துவர் ஒன்றை நீக்கி மற்றதைக் காப்பாற்றிவிடுவார். நாள் தள்ளினால் அது கடினம்.

இன்னொன்று தம்பி. உங்கள் கடிதத்தில் ஆண் குதிரையின் நிறம், உயரம், நெற்றிப் பொட்டு, எல்லாம் விவரமாக இருக்கிறது. உங்கள் குதிரை எப்படிப்பட்டவள் என்று ஒரு வரி இல்லை. குட்டியின் மரபில் பாதி அவளுடையது. 11 மாதம் அவள் வயிற்றில், அடுத்த ஆறு மாதம் அவள் மடியில். மனிதரைக் கண்டால் நெருங்குவதா ஓடுவதா என்பதைக் குட்டி அவளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. கை நீட்டினால் அவள் என்ன செய்கிறாள், குளம்பைத் தூக்கவிடுகிறாளா, புது இடத்தில் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறாள்? ஒரு மாதம் இதையெல்லாம் கவனித்துவிட்டு அப்புறம் ஆண் குதிரையைப் பற்றி யோசியுங்கள்.

சுழி பார்த்து வாங்கச் சொல்கிறார்களே, உண்மையில் ஏதாவது இருக்கிறதா?
– அந்தியூர் வாசகர்

அதிர்ஷ்டம், குடும்பத்துக்கு ஆகும் ஆகாது என்பதெல்லாம் சுழியில் இல்லை. ஆனால் விலை இருக்கிறது. ராஜஸ்தானிலும் சுழி பார்ப்பார்கள், இங்கேயும் பார்ப்பார்கள், ‘கெட்ட சுழி’ உள்ள குதிரையை விற்கப் போனால் பாதி விலைக்குக் கேட்பார்கள். அதனால் விற்கும் எண்ணம் இருந்தால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குணத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் 1995-ல் மாடுகளை வைத்து ஒன்றைக் காட்டினார்: நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் மாடுகள் பிடித்து நிறுத்தும்போது மற்றவற்றைவிட அதிகம் துள்ளின. ஆனால் அதற்காக நல்ல குணமுள்ள ஒரு பெண் குதிரையைச் சுழிக்காக ஒதுக்குவது எனக்கு வருத்தமான விஷயம். சந்தையில் அப்படி ஒதுக்கப்பட்டவற்றில் அருமையான தாய்க்குதிரைகள் இருக்கின்றன. விலையும் குறைவு.

சினைக் குதிரைக்குத் தினமும் கொள்ளும் கோதுமைத் தவிடும் தருகிறோம், பசுந்தீவனமாக கோ-4 புல். உடம்பு பளபளப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளாக ஒரு நாள் முன்னங்காலை நொண்டுகிறாள், இன்னொரு நாள் பின்னங்காலை. மூக்குக்கு மேலே முகம் இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்த மாதிரி இருக்கிறது. பல் வலியாக இருக்குமோ?
– பொள்ளாச்சி வாசகர்

ஐயா, இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவே எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் கொங்குப் பக்கம் பல லாயங்களில் இதே தீவனம்தான் போகிறது.

பல்லை மருத்துவர் பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் கால் மாறி மாறி நொண்டுவதும் முகம் இருபுறமும் புடைப்பதும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் குறைவதைத்தான். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. குதிரைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு, பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். இதற்கு மேல் கோ-4. அது கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல், அதில் ஆக்சலேட் இருக்கிறது. குடலில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடுவதால் மாடு தப்பித்துக்கொள்ளும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். முக எலும்பு கரைந்து அந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து புடைக்கும். வயிற்றுக் குட்டியும் எலும்பு கட்டத் தாயிடம்தான் கேட்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். நம் மேய்ச்சல் காட்டுக் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் உண்டு. அதை மட்டுமே நம்பியிருப்பவர்களும் கவனிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? தவிட்டை நிறுத்துங்கள். கோ-4-ஐ ஒரு பங்காகக் குறைத்து, குதிரை மசால், வேலி மசால், நிலக்கடலைக் கொடி ஆகியவற்றைச் சேருங்கள். மூன்றிலும் சுண்ணாம்புச் சத்து நன்றாக இருக்கும். தாது உப்புக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். மாட்டுக்கு விற்கும் தீவன மூட்டையைப் பிரித்துக் குதிரைக்குக் கொட்டாதீர்கள், அதில் மொனென்சின் என்ற மருந்து சேர்த்திருந்தால் மிகச் சிறிய அளவே குதிரையைக் கொன்றுவிடும். கொள்ளு நல்லது, புரதம் உள்ளது, ஆனால் ஊறவைத்தோ வேகவைத்தோ, நாளுக்கு ஒன்று ஒன்றரைக் கிலோவுக்குள், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத்தான். வயிற்றில் குட்டியின் எடை பெரும்பகுதி கூடுவது கடைசி மூன்று மாதத்தில். தீவனத்தைக் கூட்ட வேண்டியது அப்போதுதான், சினை பிடித்த மறுநாளே அல்ல. ஈன்ற பிறகு பால் கொடுக்கும்போது தேவை இன்னும் ஏறும்.

மார்க்கோ போலோ 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்து எழுதிவைத்ததை இங்கே சொல்லத் தோன்றுகிறது. கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரை இறக்குகிறார்கள், சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்து வளர்க்கிறார்கள், உயர்ந்த பெண் குதிரையை உயர்ந்த ஆண் குதிரையோடு சேர்த்தாலும் கால் வளைந்த சின்னக் குட்டிதான் பிறக்கிறது என்கிறார். இந்த மண்ணுக்குக் குதிரை ஆகாது என்று அதை வைத்துப் பலரும் சொல்வார்கள். எனக்கு அந்தத் தீவனப் பட்டியலைப் பார்த்தாலே விஷயம் புரிகிற மாதிரி இருக்கிறது. சோறும் கறியும் தின்ற தாயின் எலும்பில் குட்டிக்குக் கொடுக்க என்ன மிச்சம் இருந்திருக்கும்? கிழக்கிந்தியக் கம்பெனி 1824-ல் ஓசூரில் பண்ணை அமைத்ததே ராணுவத்துக்குக் குதிரை வேண்டும் என்பதற்காகத்தான். மண் மேல் பழி போடுவதற்கு முன் தீவனத் தொட்டியைப் பாருங்கள்.

முதல் தடவை ஈனப்போகிறாள். எங்கள் வீட்டில் மாடு கன்று போட்டுப் பார்த்திருக்கிறோம், அதே மாதிரிதானே?
– தாராபுரம் வாசகி

இல்லை அம்மா. மாட்டுப் பழக்கத்தை வைத்துக் குதிரையைப் பார்ப்பதில்தான் பல குட்டிகள் போகின்றன.

சினைக்காலம் பொதுவாக 330 முதல் 345 நாள், 320-க்கும் 365-க்கும் நடுவே எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதனால் தேதியைவிட உடம்பைப் பாருங்கள். ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன் மடி கனக்கத் தொடங்கும், வாலடியில் சதை இளகும், கடைசி ஒன்றிரண்டு நாளில் காம்பு நுனியில் மெழுகுத்துளி மாதிரி மஞ்சளாகக் கட்டி நிற்கும். தனுர்வாத ஊசியை நாலு முதல் ஆறு வாரத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பாலுக்குள் போய்ச் சேரும்.

பெரும்பாலும் இரவில்தான் ஈனும். கூட்டம் கூடினால், விளக்கடித்தால், முதல் வலியைத் தள்ளிப்போடக்கூடிய மிருகம் இது. சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தாதீர்கள். அவளுக்குப் பழகிய ஒருவர், தூரமாக, சத்தமில்லாமல் இருந்தால் போதும்.

பனிக்குடம் உடைந்த நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். அங்கிருந்து 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். முதலில் வெண்மையான பளபளப்பான சவ்வு, அதற்குள் ஒரு முன்னங்குளம்பு சற்று முன்னால், இன்னொன்று பின்னால், அவற்றின் மேல் மூக்கு. குளம்பின் அடிப்பக்கம் தரையைப் பார்த்திருக்கும். அடிப்பக்கம் மேலே பார்த்திருந்தால், அல்லது ஒரு கால்தான் தெரிந்தால், அரை மணியானாலும் நகரவில்லை என்றால், மருத்துவர் அந்த நிமிடமே வேண்டும். மாட்டுக்கு மாதிரி விடியட்டும் என்று இருக்க முடியாது. வெள்ளைச் சவ்வுக்குப் பதிலாகச் சிவப்பாக வெல்வெட் துணி போல ஒன்று முதலில் பிதுங்கி வந்தால் நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சு இல்லை என்று அர்த்தம். யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் அதைக் கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும். மருத்துவர் எண் சுவரில் எழுதி ஒட்டியிருக்கட்டும், சினை பத்து மாதம் ஆனதுமே ஒருமுறை பேசியும் வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி வந்ததும் தொப்புள்கொடியை வெட்ட வேண்டாம். தாய் எழும்போதோ குட்டி துள்ளும்போதோ அதுவாக அறும். அறுந்த நுனியை மருத்துவர் கொடுத்த குளோர்ஹெக்சிடின் கரைசலில் தோய்த்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணியில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணியில் நஞ்சுக்கொடி விழுந்திருக்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் மாட்டுக்காரர்கள் ஏமாறுவார்கள். மாடு நஞ்சு போட அரை நாள் ஆனாலும் பொறுப்போம், குதிரைக்கு மூன்று மணியைத் தாண்டினாலே அவசரம், கர்ப்பப்பையில் கிருமி ஏறி அங்கிருந்து குளம்பு வரை பாதிக்கும். அதற்காகக் கையால் இழுப்பதோ கல்லைக் கட்டித் தொங்கவிடுவதோ கூடவே கூடாது. மிதிபடாதபடி மேலே முடிந்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். விழுந்தால் தூக்கி எறியாமல் ஒரு வாளியில் வையுங்கள், முழுசாக வந்ததா என்று அவர் விரித்துப் பார்ப்பார்.

சீம்பாலைக் கறந்து எடுத்துவிடாதீர்கள். குதிரையின் நஞ்சுக்கொடி வழியே எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போவதே இல்லை. அது பிறக்கும்போது வெறுங்கையோடு பிறக்கிறது, சீம்பாலில் வருவதுதான் எல்லாம், அதையும் முதல் 24 மணி நேரம்தான் குடல் உள்ளே விடும், முதல் ஆறேழு மணியில் போவதுதான் நன்றாகச் சேரும்.

ஐந்து வயது கத்தியவாரிப் பெண் குதிரை. தலைக்கயிறு மாட்டப் போனாலே தலையைத் தூக்கிக்கொள்கிறாள், காதுப் பக்கம் கை போனால் கடிக்க வருகிறாள். பழக்க வந்தவர் காதை முறுக்கிப் பிடித்தால் அடங்கும் என்று செய்தார், முன்னங்காலை மடக்கிக் கட்டினார். அப்போதைக்கு நின்றாள், இப்போது அவரைக் கண்டாலே நடுங்குகிறாள். இவளை வைத்துக் குட்டி எடுக்கலாமா, விற்றுவிடவா?
– மதுரை வாசகி

விற்காதீர்கள், சகோதரி. அவள் கெட்ட குதிரை இல்லை. காதைத் தொட்டால் வலிக்கும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அவளும் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள், அவ்வளவுதான். காதுக்குள் உண்ணியோ புண்ணோ இருக்கிறதா என்று மட்டும் முதலில் மருத்துவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கால் கட்டுவது புதுசு இல்லை. அமெரிக்காவிலிருந்து லண்டனுக்குப் போன குதிரைப் பழக்குநர் ஜான் ராரே, 1858-ல் யாரும் கிட்டே போக முடியாத க்ரூஸர் என்ற பொலிகுதிரையைச் சில மணி நேரத்தில் அடக்கிக் காட்டிப் பெரும் புகழ் பெற்றார். அவரும் முன்னங்காலை மடக்கிக் கட்டித்தான் செய்தார், ஆனால் அடிக்கவில்லை, அப்புறம் உடம்பெல்லாம் தடவிக்கொடுத்தார். அந்தக் காலத்துச் சாட்டைக்கு அது பெரிய முன்னேற்றம். அதற்குப் பிறகு மேற்கு அமெரிக்கப் பண்ணைகளில் டாம் டோரன்ஸ், அவரிடம் கற்ற ரே ஹன்ட் போன்றவர்கள் காலைக் கட்டுவதையும் தாண்டிப் போனார்கள். குதிரை எதை யோசிக்கிறது என்று பார்த்து, அது சரியான பக்கம் சாய்ந்த கணத்தில் அழுத்தத்தை விட்டுவிடுவது என்பதுதான் அவர்கள் வழி. இன்றைக்கு உலகம் முழுக்க நல்ல பண்ணைகளில் அடிப்படை அதுதான். நம் ஊரில் இன்னும் காதை முறுக்கிக்கொண்டிருப்பது எனக்கு ஆத்திரமாக வருகிறது. மார்வாரி, கத்தியவாரி இரண்டுக்குமே அந்த உள்வளைந்த காதுதான் அழகு, அதைப் பிடித்தா முறுக்குவது?

சரி, உங்கள் குதிரைக்கு வருவோம். இரண்டு வாரம் தலைக்கயிற்றை மறந்துவிடுங்கள். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது, அதனால் இடது தோள் பக்கமாகப் போங்கள், கண்ணை முறைத்துப் பார்க்காமல். தோள் அருகே நின்று, பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரல் நுனியால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது அந்த இடத்தைத்தான். அங்கே சொறியும்போது இதயத் துடிப்பு குறைகிறது என்று பிரான்ஸில் 1990-களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். மேலுதடு நீண்டு துடித்தால் அவளுக்குப் பிடித்திருக்கிறது. அப்போதே கையை எடுத்துவிட்டு ஓரடி பின்னால் வாருங்கள். போதும் என்று அவள் சொல்வதற்கு முன் நீங்கள் நிறுத்த வேண்டும்.

அடுத்து, கை மெல்லக் கழுத்தில் மேலே ஏறட்டும். ஓரிடம் வந்ததும் அவள் உடம்பு இறுகும், மூச்சு நிற்கும், காது உங்கள் பக்கம் திரும்பும். அதுதான் எல்லைக்கோடு. அங்கே கையை அசைக்காமல் வைத்திருங்கள், அழுத்தவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். அவள் ஒரு அங்குலம் தலையைத் தாழ்த்தினாலும் சரி, மூச்சு விட்டாலும் சரி, அந்த நொடியே கையை எடுங்கள். தலையைத் தூக்கித் திமிறும்போது கையை எடுத்தால் திமிறினால் போய்விடும் என்று கற்றுக்கொள்வாள், இளகும்போது எடுத்தால் இளகினால் போய்விடும் என்று கற்றுக்கொள்வாள். ஒரு நொடி தாமதித்தாலும் அவளுக்கு எது எதற்கு என்று புரியாது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும், காலையும் மாலையும். மறுநாள் கோடு கொஞ்சம் நகர்ந்திருக்கும். சில நாள் பின்னாலும் போகும், அதற்காகக் கவலைப்படாதீர்கள். கை காது வரைக்கும் போய் வர ஆரம்பித்ததும், மடித்த கயிற்றை அதே கையில் வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து.

உங்களுக்குக் கோபம் வரும் நாளில் லாயத்துக்குள் போகாதீர்கள். குதிரையிடம் கோபத்தோடு போகக் கூடாது என்று கிரேக்கர் செனபோன் 2,300 ஆண்டுகளுக்கும் முன்பே எழுதிவைத்துவிட்டார். அப்புறம், அந்தப் பழக்குபவரை இனி வரவிடாதீர்கள். குட்டி எடுப்பது அவள் பயம் தெளிந்த பிறகு. நடுங்குகிற தாயின் பக்கத்தில் நிற்கும் குட்டி எதைக் கற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குட்டி பிறந்தவுடனே உடம்பெல்லாம் தடவி, காதுக்குள் விரல் விட்டு, குளம்பைத் தட்டிப் பழக்கினால் ஆயுசுக்கும் சாதுவாக இருக்கும் என்கிறார்களே?
– கோவை கல்லூரி மாணவி

கலிபோர்னியக் கால்நடை மருத்துவர் ராபர்ட் மில்லர் பரப்பிய முறை அது. ஒரு காலத்தில் எல்லோரும் செய்தார்கள். பின்னால் அப்படிச் செய்த குட்டிகளையும் செய்யாதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், சில மாதம் கழித்துச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அந்த முதல் மணி நேரம் தாய்க்கும் குட்டிக்கும் உரியது. தாய் நக்கி முகர்ந்து இது என்னுடையது என்று பதித்துக்கொள்ளும் நேரம். நடுவில் நாம் புகுந்து கெடுக்க வேண்டாம்.

பயனுள்ள வழி வேறொன்று இருக்கிறது, அதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். 2005-ல் பிரான்ஸில் செவரின் ஆன்ரி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் வெளியிட்டது. குட்டி பிறந்த முதல் 5 நாள், தினமும் 15 நிமிடம், தாய்க்குதிரையை மட்டும் பிரஷ் வைத்து மென்மையாகத் துலக்கினார்கள். குட்டியை யாரும் தொடவில்லை. அந்தக் குட்டிகள் பின்னால் மனிதரிடம் எளிதாக வந்தன, தொடவிட்டன, முதுகில் துணி போட்டாலும் ஏற்றுக்கொண்டன, மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. எவ்வளவு சுலபம் பாருங்கள்! ஆனால் ஒரு நிபந்தனை, துலக்கினால் நிற்கிற தாய் வேண்டும். அதனால்தான் சினைக்காலத்தின் 11 மாதத்தையும் நான் பயிற்சிக் காலம் என்கிறேன். மடியைத் தொடவிடவும் அப்போதே பழக்கிவிட்டால் முதல் குட்டி பால் குடிக்கப் போகும்போது கூச்சப்பட்டு உதைக்க மாட்டாள்.

சினையாக இருக்கும்போது சவாரி போகலாமா?
– ஈரோடு வாசகர்

பழகியவள் என்றால் ஏழாவது மாதம் வரை நிதானமாகப் போகலாம். ஓட்டம், தாண்டுதல் வேண்டாம். அதற்குப் பிறகு சேணத்தைக் கழற்றிவிட்டுக் கயிற்றில் நடத்திக் கூட்டிப்போங்கள். லாயத்திலேயே நாள் முழுக்கக் கட்டிப்போடுவது சவாரியைவிடக் கெடுதல்.

இரண்டு வயதுக் குட்டியை ஆட்டத்துக்குப் பழக்க ஒருவர் கேட்கிறார். நல்ல விலை சொல்கிறார். கொடுக்கலாமா?
– சேலம் வாசகர்

கொடுக்காதீர்கள். இரண்டு வயதில் முன்னங்கால் முழங்காலுக்கு மேலே எலும்பு வளரும் தட்டே அப்போதுதான் மூடிக்கொண்டிருக்கும். முதுகெலும்பு முழுசாகக் கெட்டிப்பட ஐந்து வயதுக்கு மேல் ஆகும். கயிற்றில் நடக்க, குளம்பு தூக்க, வண்டியில் ஏற, மழைக்கோட்டைக் கண்டு மிரளாமல் நிற்க, இதெல்லாம் இரண்டு வயதில் தாராளமாகப் பழக்கலாம். முதுகில் ஆள் ஏறுவது மூன்றரை நாலு வயதில், அதுவும் கொஞ்ச நேரம். குரூப்பரில் (வாலடியில் மாட்டும் வார்) கயிறு கட்டி, கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, மேளத்துக்குக் குதிக்க வைக்கிற ஆட்டத்துக்கு எந்த வயதிலும் கொடுக்க எனக்கு மனம் வராது.

தாயிடமிருந்து குட்டியை எப்போது பிரிப்பது?
– திருப்பூர் வாசகி

நாலு மாதத்துக்கு முன் வேண்டாம், ஆறு மாதம் நல்லது. ஒரே நாளில் கண்மறைவாகக் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். முதலில் இடையில் உறுதியான வேலி, பார்க்கலாம், முகரலாம், பால் மட்டும் குடிக்க முடியாது. குட்டிக்குத் துணையாக வயதான அமைதியான பெண் குதிரை ஒன்று இருந்தால் கத்தல் பாதியாகிவிடும். தாய்க்கு அந்த நாட்களில் கொள்ளையும் மாவையும் குறைத்தால் மடி தானாக வற்றும். மடி கனக்கிறதே என்று கறந்தால் பால் ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

ஐடி வேலையை விட்டுவிட்டுப் பத்துப் பெண் குதிரை வாங்கிப் பண்ணை போடலாம் என்றிருக்கிறேன். குட்டி ஒன்று லட்சக்கணக்கில் போகிறதே, லாபம் வருமா?
– ஓசூர் வாசகர்

தம்பி, கணக்கை அவளுடைய உடம்பிலிருந்து போடுங்கள். சினை 11 மாதம். ஈன்ற ஏழிலிருந்து பத்து நாளுக்குள் மறுபடி பருவம் வரும், அதிலேயே சேர்த்தால் ஆண்டுக்கு ஒரு குட்டி என்று காகிதத்தில் எழுதலாம். ஆனால் அந்தப் பருவத்தில் கர்ப்பப்பை முழுசாக ஆறியிருக்காது, சினை நிற்பதும் குறைவு. அடுத்த பருவம்வரை பொறுத்தால் நல்லது. ஒரு பருவத்தில் பிடிக்காது, ஒன்று கலையும், ஒன்று பிறந்து தங்காது. பத்தும் ஆண்டுக்குப் பத்துக் குட்டி போடுவது எந்தப் பண்ணையிலும் நடப்பதில்லை. லட்சத்துக்குப் போகிற குட்டியைப் பற்றித்தான் செய்தி வரும், தீவனச் செலவுக்குக் கூட விலை கேட்காத குட்டிகளைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பத்துக்கும் ஆள் வேண்டும், குளம்பு சீர்செய்ய ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வேண்டும், தெரிந்தவர்கள் நம் மாநிலத்தில் குறைவு. குதிரை பார்க்கிற மருத்துவரும் எல்லா ஊரிலும் இல்லை.

வேலையை விடாதீர்கள். இரண்டு பெண் குதிரை வாங்குங்கள், ஒன்று ஏற்கெனவே குட்டி போட்டு நன்றாக வளர்த்தவளாக, வயது எட்டோ ஒன்பதோ இருந்தாலும் பரவாயில்லை. ஒரு வருஷம் குட்டி எடுக்காமல் அவற்றோடு இருங்கள், தீவனம், குளம்பு, கயிறு எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே செய்யுங்கள். மூன்றாவது குதிரையைப் பற்றி அடுத்த ஆடிச் சந்தைக்கு முன் எனக்கு எழுதுங்கள், அப்போது பேசலாம்.